ஹென்ரே கடவு

பென்ரியூ என்ற மலைக் கிராமத்தில் எல்லோரும் நெஸ்தாவை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாத ஈரத்தில் அவள் கணவன் எம்ரிஸ் ஆட்டுக்கொட்டில் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து ஆரம்பித்தது இது. அவனைப் பார்க்க வந்த நர்ஸ், "முதல்ல நீங்க உக்காருங்க" என்றாள். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஊர்த் தேவாலயமான சேப்பலுக்குப் பிரசங்கம் செய்ய வரும் போதகர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். ரொட்டி வண்டிக்காரன்கூடச் சொன்னான். நெஸ்தாவுக்கு எழுபத்தேழு வயது. உட்கார்ந்தால்தான் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் ஒன்றும் செய்வதில்லை என்று அவள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊரே வயதான ஊர்தான். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்; அது யாரோ லண்டன்காரர்களின் விடுமுறை வீடாகிவிட்டது. தபாலாபீஸ் அதை நடத்திவந்த ஓல்வென்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. பஸ் செவ்வாயும் வெள்ளியும் வரும், ஓட்டுகிறவனுக்கு மனசிருந்தால். காலையில் ஒரு வீட்டுத் திரை விலகவில்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார். வாயில் இருக்கிற பல்லெல்லாம் சொந்தப் பல்லாக உள்ளவன் கரெக் பண்ணை க்விலிம் ஒருவன்தான். அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தாலும் ஊரில் அவனுக்குப் பெயர் 'பையன்'.

அந்தப் பையன் ஜூன் மாதக் கடைசியில் ஒரு மழை நாளில் ஹென்ரே பண்ணைக்கு வந்தான். நெஸ்தா அடுப்பில் இரும்புக் கல்லைப் போட்டு, உலர்திராட்சை கலந்த வட்டக் கேக்குகளைச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி.

"வாடா. காலைத் துடைச்சுட்டு வா. நாயை வெளியில விடு."

"நாய் புத்திசாலி அத்தை, கொட்டிலுக்குள்ள போயிடுச்சு. நான்தான் நனைஞ்சு நிக்கறேன்."

அவன் நின்றபடியே ஒரு கேக்கை எடுத்து, கைக்குக் கை மாற்றி ஊதித் தின்றான். பிறகு தொப்பியைக் கழற்றிப் பிழிந்தான். வந்த விஷயம் கஷ்டமான விஷயம் என்று நெஸ்தாவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"புதன்கிழமை மலையிலேருந்து ஆட்டையெல்லாம் இறக்கலாம்னு இருக்கேன், அத்தை. காத்து திரும்புது. ரெண்டு நாள் காஞ்சா ரோமம் வெட்டத் தோதா இருக்கும்."

"சரி, புதன்கிழமை."

"நீங்க எதுக்கும் அலட்டிக்காதீங்க. உங்க ஆட்டையும் சேத்து மேலேயே என் பட்டியில நிறுத்திடறேன். கீழ இறக்க வேணாம். அங்கேயே வெட்டிடலாம். நீங்க உக்காருங்க."

நெஸ்தா கேக்கைத் திருப்பிப் போட்டாள். "அப்ப எங்க கடவுல யாரு நிக்கறது?"

"அதான் சொல்றேனே. யாரும் நிக்க வேணாம்."

அந்த மலையில் வேலி கிடையாது. எல்லை என்று ஒரு கல்லும் கிடையாது. எந்தச் சரிவு ஹென்ரேவுடையது, எந்தச் சரிவு கரெக்குடையது என்பது ஆடுகளுக்குத்தான் தெரியும். தாய் குட்டிக்குக் காட்டும். குட்டி தாயானதும் தன் குட்டிக்குக் காட்டும். வருஷத்தில் ஒரு தடவை ரோமம் வெட்டுக்கு இறக்குகிறபோது எல்லா மந்தையும் கலந்து ஒரே சந்து வழியாகச் சேப்பல் முச்சந்திக்கு வரும். அங்கிருந்து ஹென்ரே முற்றத்துக்குத் திருப்பி, அங்கேதான் பிரிப்பார்கள். இறங்குகிற வழியில் எங்கெங்கே சுவர் விட்டிருக்கிறதோ, எங்கெங்கே பாதை பிரிகிறதோ அங்கெல்லாம் ஆள் நிற்க வேண்டும். அப்படி ஆள் நின்று மறிக்கிற வாய்தான் கடவு; ஒவ்வொரு பண்ணைக்கும் ஒன்று. ஹென்ரேவின் கடவு முச்சந்தியில், பாலத்துக்குப் போகிற வாய். தன் கடவில் தன் ஆளை நிறுத்தாத பண்ணை மலை மேய்ச்சலை விட்டுவிட்டது என்று அர்த்தம். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஃப்ரித் பண்ணைக்காரர்கள் ஒரு வருஷம் ஆள் அனுப்பவில்லை; அடுத்த வருஷம் அவர்களே மந்தையை விற்றுவிட்டார்கள். இப்போது அந்தச் சரிவில் பன்னம் என்கிற பெரணிதான் மண்டிக் கிடக்கிறது. நாலு பண்ணையாக இருந்தது ரெண்டாகிவிட்டது.

க்விலிமுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்துதான் தொப்பியைப் பிழிந்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் நெஸ்தாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் அடுப்புக் கரண்டியாலேயே பேசியிருப்பாள்.

"மாமாவால நிக்க முடியாதே அத்தை."

"நான் நிக்கறேன்."

க்விலிம் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "நீங்க ஒரு தடவைகூட நின்னதில்லையே. நீங்க சமைப்பீங்க."

"சமைச்சு வச்சுட்டு நிக்கறேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி, கீழயே இறக்கறேன்" என்று அவன் போன பிறகு எம்ரிஸ் அடுப்படி நாற்காலியிலிருந்து வாயைத் திறந்தான். அதுவரை தூங்குவதுபோல் இருந்தவன்.

"பையன் நல்லதுக்குத்தானே சொல்றான்."

"நல்லதுக்குத்தான் சொல்றான். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. நல்லது சொல்லியே என்னைக் குழியில இறக்கிடுவாங்க."

"மாரெட் பாத்து வச்ச வீட்டுல மாடிப்படி இல்லையாம்."

நெஸ்தா கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். மாரெட் அவர்களுடைய ஒரே மகள், கார்டிஃபில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது என்று ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகள் சொன்னபோது நெஸ்தாவுக்குக் கோபம்தான் வந்தது. எம்ரிஸ் வாயிலிருந்து அது வந்தபோது கோபம்கூட வரவில்லை.

"தரையே சூடா இருக்குமாம் நெஸ்தா. செருப்பில்லாம நடக்கலாமாம்."

"நீ எப்பயிருந்துடா செருப்பில்லாம நடக்கணும்னு ஆசைப்பட்டே?"

"ஆசையில்ல. சும்மா சொன்னேன்."

"மலையை என்ன செய்யறது?"

"மலை அங்கேயே இருக்கும்."

"மலை இருக்கும். ஆட்டோட மண்டைக்குள்ள இருக்கற மலை? இன்னிக்கு வித்துட்டு நாளைக்கு வேற ஆடு வாங்கி விட்டுப் பாரேன். ஒரே ராத்திரியில அடுத்த ஜில்லாவுல போய் நிக்கும்."

எம்ரிஸ் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். முன்னெல்லாம் பதில் சொல்லுவான், ரெண்டு பேரும் சேப்பலுக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சண்டை போடுவார்கள். இந்த இடுப்பு உடைந்ததிலிருந்து சண்டைக்கும் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் மாரெட் போன் செய்தாள். க்விலிம் அவளுக்கும் சொல்லிவிட்டிருந்தான்.

"அம்மா, உனக்குப் பைத்தியமா? ஆடு முட்டித் தள்ளிட்டா? நீயும் இடுப்பை உடைச்சுக்கிட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்கறது?"

"அப்ப சேத்து ஒரே ஊசியாப் போடச் சொல்லு."

"விளையாடாதே."

"நான் விளையாடல. புதன்கிழமை என் ஆடெல்லாம் என் முத்தத்துக்கு வந்துட்டா நீ அந்த வீட்டுப் பேச்சை நிறுத்தணும். வரலைன்னா நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். தரை சூடா இருந்தாலும் சரி, கொதிச்சாலும் சரி."

மாரெட் குரலைத் தாழ்த்தினாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா நீ வந்து முத்தத்துக் கேட்டை மூடணும். ஆடு உள்ள வந்ததும் மூடலைன்னா அதே வேகத்துல திரும்பி ஓடும். வேற ஆள் இல்ல."

"என்னைத் தோக்கடிக்க என்னையே கூப்பிடறியா?"

"உன்னைத்தான் நம்ப முடியும். நீ ஏமாத்த மாட்டே."

மீதிக் கடவுகளுக்கு ஆள் பிடிக்க நெஸ்தா மறுநாள் மழையிலேயே கிளம்பினாள். ஓல்வென் வீட்டில் சக்கரம் வைத்த நடைவண்டி வாசலிலேயே நின்றது, கூடையில் பின்னல் நூலோடு. ரெண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"ஏண்டி, நான் நடக்கறதே இந்த வண்டியாலதான். என்னை ஆடு மறிக்கச் சொல்றியே, உனக்கு நல்லாருக்கா?"

"நடக்க வேணாம், நின்னாப் போதும். பள்ளிக்கூட வாசல்ல நில்லு. அந்த லண்டன்காரங்க கேட்டைக் கழட்டிட்டுப் பூந்தொட்டி வச்சிருக்காங்க."

"ஆடு பூந்தொட்டியத் தின்னா எனக்கென்ன?"

"உனக்கொண்ணும் இல்ல. சாப்பாட்டுக்குப் பால்சோறு உண்டு."

ஓல்வென் பின்னலைக் கீழே வைத்தாள். "ஆடை யாருக்கு?"

பால்சோற்றை அடுப்புக்குள் வைத்துச் சுடும்போது மேலே பழுப்பாக ஒரு ஆடை கட்டும். மலை இறக்குகிற நாள் சாப்பாட்டில் அந்த ஆடைக்கு அடிதடியே நடந்திருக்கிறது.

"உனக்குத்தான்."

"எந்தப் பக்கம் நிக்கணும்?"

சேப்பல் நிர்வாகம் பார்க்கும் டீக்கன் இத்வாலை மடக்குவது கஷ்டமாக இருந்தது. கல்குவாரியில் வேலை பார்த்துக் காது போனவர். சொல்கிற எல்லாவற்றையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்துக் கேட் துருப்பிடித்து விழுந்து கிடக்கிறது, அந்த வாயில் நிற்க வேண்டும் என்றாள்.

"பொம்பளை கடவுல நின்னு நான் பாத்ததில்ல" என்றார்.

"புதன்கிழமை பாருங்க."

"என்ன கிழமை?"

"புதன்!"

"அதுக்கு ஏன் கத்தறே? எனக்குக் காது கேக்கும்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் சமைத்தாள். ஆட்டுத் தொடைக்கறியைச் சுட்டு ஆறவைத்தாள். பீட்ரூட்டை அவித்து வினிகரில் போட்டாள். புது உருளைக்கிழங்கைக் கழுவித் தண்ணீரில் வைத்தாள். பால்சோற்றுப் பாத்திரம் ரெண்டு. எம்ரிஸ் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தான். ஒரு கட்டத்தில், "மூக்குல கறுப்பு மச்சம் இருக்கற கிழட்டுப் பெட்டை ஒண்ணு முன்னால வரும்" என்றான், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"அது உன்னை ரெண்டு தடவை பாக்கும். ரெண்டாவது தடவை பாக்கறப்ப நீ காலை அசைச்சியோ, போச்சு. பூரா மந்தையும் பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போயிடும். லாரி போற ரோடு."

"அசைக்க மாட்டேன்."

"நான் அசைச்சிருக்கேன். ஒரு தடவை." அவன் மூக்கை உறிஞ்சினான். வெங்காயம்தான். "உங்கப்பா என்னை அடிக்க வந்தாரு."

புதன்கிழமை மலை முழுக்க மூட்டம். ஒன்பது மணிக்கு மேல்தான் அது கந்தல் கந்தலாகக் கிழிந்து ஏறியது. நனைந்த பன்னத்தின் வாசனை சந்து வழியாக இறங்கி வந்தது. மேலே எங்கோ க்விலிமின் விசிலும், அவனுடைய நாலு சக்கர மோட்டார் சைக்கிளின் உறுமலும் கேட்டன. நெஸ்தா எம்ரிஸின் தொப்பியைப் போட்டுக்கொண்டு முச்சந்தியில் நின்றாள். பின்னால் பாலம். எதிரே சந்து. இடது கைப் பக்கம் அவள் வீட்டு முற்றம், கேட் விரியத் திறந்து. மாரெட் இன்னும் வரவில்லை.

இத்வால் சேப்பலுக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேர்முதுகு கொண்ட கனத்த ஓக் நாற்காலி, போதகர்கள் உட்காருவது. அதை அவள் பக்கத்தில் வைத்தார்.

"எதுக்கு இது?"

"உக்காந்துக்கிட்டே நில்லு."

"இத்வால், உக்காந்துக்கிட்டு எப்படி நிக்கறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓல்வென் சொன்னா, கொண்டாந்தேன்." அவர் திரும்பித் தன் கடவுக்குப் போனார். கறுப்புக் கோட்டு, பித்தளைப் பூண் போட்ட கைத்தடி. ஆடு மறிக்க வந்தவர் மாதிரி இல்லை, ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தார். அந்தப் பக்கம் பூந்தொட்டிகளுக்கு நடுவே ஓல்வென் நடைவண்டியை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெஸ்தா! எனக்கு ஒண்ணுக்கு வருதுடி!"

"அடக்கு!"

அப்போது மந்தை சந்தின் தலைப்பில் தெரிந்தது. முதலில் சத்தம், மழை வருகிற சத்தம் போல. பிறகு சுவருக்குச் சுவர் நிரம்பி, அழுக்கு வெள்ளையாக, தாய் குட்டியைக் கூப்பிட குட்டி தாயைக் கூப்பிட, இறங்கிற்று. இடது தோளில் சிவப்பு மை அடித்ததெல்லாம் ஹென்ரே. பின்பக்கம் நீலம் அடித்தது கரெக். நெஸ்தா தொப்பியை இழுத்து இறுக்கிக்கொண்டாள். இத்தனை வருஷமும் சமையலறை ஜன்னலிலிருந்து கடைசி ஆட்டின் வாலைத்தான் பார்த்திருக்கிறாள். முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எதிரே இத்வால் தொப்பியைக் கழற்றினார்.

வேர்க்கிறதாக்கும் என்று நெஸ்தா நினைத்தாள். ஆனால் அவர் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கல்லறை வாயிலிலிருந்து விலகிச் சுவரோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் ஓல்வென் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு புல்லில் ஏறி ஒதுங்கித் தலை குனிந்தாள். அப்போதுதான் நெஸ்தாவுக்கு முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

பாலத்தின் மேல் சவ வண்டி வந்துகொண்டிருந்தது. நீளமான கறுப்பு வண்டி, கண்ணாடிக்குள் பெட்டி, பெட்டி மேல் மஞ்சள் பூ.

பென்ரியூவில் சவ வண்டி வந்தால் எந்த வேலையானாலும் நிற்கும். தொப்பி இறங்கும், எல்லோரும் ஓரத்துக்குப் போவார்கள், அது கடந்து மறைகிற வரை நிமிரமாட்டார்கள். ஊர் இருக்கிற வயசுக்கு இந்தப் பழக்கம் கைகால்களுக்குள் ஊறிப்போயிருந்தது. தலை குனிந்த ஓல்வென் ஓரக்கண்ணால் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "யாருடி நம்மள்ல?" என்றாள் மெதுவாக.

நம்மில் யாரும் இல்லை. வழி தவறி வந்த வண்டி.

நெஸ்தாவின் காலும் நகர்ந்தது. அவளைக் கேட்காமல் நகர்ந்தது. வலது கால் புல்லில் ஏறிவிட்டது, கை தொப்பிக்குப் போய்விட்டது. எதிரே மூக்கில் கறுப்பு மச்சம் உள்ள கிழட்டுப் பெட்டை சந்தின் வாயில் வந்து நின்று அவளைப் பார்த்தது.

முதல் தடவை.

நெஸ்தா காலைப் புல்லிலிருந்து இழுத்தாள். நாற்காலியை ரெண்டு கையாலும் பிடித்துத் தரதரவென்று இழுத்து ரோட்டுக்கு நடுவில் போட்டாள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவ வண்டி அவளுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்றது.

கண்ணாடி இறங்கியது. "அம்மா, வழி விடுங்க."

"விட மாட்டேன்."

"உள்ள ஆள் இருக்காரும்மா!"

"தெரியுது. அவருக்கு என்ன அவசரம்? எனக்கு முன்னால ஒரு மந்தை நிக்குது. அதுக்குத்தான் அவசரம்." அவள் திரும்பவே இல்லை. பெட்டையின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எரிக்கற எடத்துல நேரம் குடுத்திருக்காங்க. தவறினா அடுத்தவங்க உள்ள போயிடுவாங்க."

"எரிக்கற எடம் ஆத்துக்கு அந்தப் பக்கம். தப்பு வழியில வந்தது நீயா, நானா?"

"வழி காட்டற பெட்டி இப்படித்தான் சொல்லிச்சு."

"அது எங்க ஊருப் பெட்டியா?"

வண்டிக்குப் பின்னால் இன்னொரு கார். அதற்கும் பின்னால், பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள், நீளமாக. சவ ஊர்வலத்தில் ஹாரன் அடிக்கிற அந்தப் புண்ணியவதி யார் என்று நெஸ்தாவுக்குச் சந்தேகமே வரவில்லை. கேட்டை மூட வேண்டிய அவள் மகள்தான்.

கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம். செருப்புச் சத்தம். கறுப்பு உடுப்பில் ஒரு கிழவி, கைப்பையோடு, வண்டிக்கும் பாலத்துச் சுவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"இங்க ஒரு இடுக்கு இருக்கு. இதுல பூந்துரும். நான் நிக்கறேன்."

"அவரு உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"மன்னிச்சுக்கோங்க. ஆனா விலக மாட்டேன்."

"நானும் கேக்கல. அவரு எங்கயும் போயிடமாட்டாரு." கிழவி கைப்பையை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். "ஆனாலும் உனக்குத் திமிருதான்."

"ஆமா."

பெட்டை ரெண்டாவது தடவை பார்த்தது. நாற்காலியைப் பார்த்தது, தொப்பியைப் பார்த்தது, எம்ரிஸ் எங்கே என்று கேட்பதுபோல் தலையைச் சாய்த்தது. பின்னால் மந்தை நெருக்கித் தள்ளியது. நெஸ்தாவின் பாதம் அசையவில்லை. கையைத் தூக்கி அவள் ஒரு சத்தம் போட்டாள். எம்ரிஸ் போடுகிற சத்தம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். வந்தது கோழி விரட்டுகிற சத்தம். என்ன சத்தமானால் என்ன, பெட்டை மூக்கை உதறிக்கொண்டு முற்றத்துப் பக்கம் திரும்பியது.

அது திரும்பினதும் மந்தையே திரும்பியது. ரோமமும் குளம்பும் புழுக்கையும் வெந்த மூச்சுமாக அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஓடியது. ஒரு குட்டி நாற்காலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கறுப்பு உடுப்புக் கிழவி அதன் மூக்கிலேயே கைப்பையால் ஒன்று வைத்தாள். குட்டி திரும்பி ஓடியது. கொஞ்சம் ஆடுகள் இத்வால் விட்ட வாயில் புகுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. இத்வால் தலை நிமிரவில்லை. வண்டி இன்னும் கடந்துபோகவில்லையே.

கடைசி ஆட்டுக்குப் பின்னால் நாய்களும் க்விலிமும் வந்தார்கள். அவன் சவ வண்டியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், வாயைப் பிளந்தான்.

"கேட்டுடா!" என்று நெஸ்தா கத்தினாள். "மாரெட் பாலத்துல மாட்டிக்கிட்டா! கேட்டு!"

அவளே ஓடினாள். ஓட்டம் என்று அவள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். முற்றத்தில் ஆடுகள் சுவரில் மோதித் திரும்பிச் சுழன்றுகொண்டிருந்தன; இந்நேரம் வாசலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு உள்ளே எம்ரிஸ். மருத்துவமனையில் கொடுத்த அலுமினிய நடைச்சட்டத்தைக் கேட்டின் அடிக்கம்பிக்கு முட்டுக் கொடுத்து, தன் முதுகை மேலே சாத்தி, காலில் வெறும் கம்பளி உறையோடு நின்றான். ஆடுகள் அவன் மேல் மோதிக்கொண்டிருந்தன.

க்விலிம் ஓடிப்போய்க் கேட்டைத் தாண்டிக் குதித்துத் தாழ்ப்பாளைப் போட்டான்.

"செருப்பைக்கூடப் போடாம வந்தியா?" என்றாள் நெஸ்தா மூச்சு வாங்க.

"நேரமில்ல."

"வழுக்கியிருந்தா?"

"கத்தாதடி. நீ சவ வண்டியை மறிச்சதை ஜன்னல்ல பாத்தேன். என்னைக் கேக்க வந்துட்டா." அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் பழைய சண்டைக்காரன் இருந்தான். "அந்தக் கார்டிஃப் வீட்டுக்கு வாசல்ல கேட்டு உண்டா?"

"நான் எங்க பாத்தேன்?"

"கேட்டு இல்லைன்னா எனக்கு வேணாம்."

மத்தியானம் ஹென்ரே சமையலறை நிரம்பிவிட்டது. கறுப்பு உடுப்புக் கிழவி நிற்கவில்லை. வண்டியைத் திருப்பியபோது நெஸ்தா கண்ணாடி வழியாக ஒரு பொட்டலம் கேக்கை நீட்டினாள். கிழவி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்த ஆடுகளைக் க்விலிம் ஓட்டிக்கொண்டு வந்தபோது ஒன்றின் வாயில் இன்னும் ஒரு ரோஜாக் காம்பு இருந்தது.

"என் வீட்டுக்காரன் கெரைண்ட் கல்லறையில நான் ஞாயித்துக்கிழமை வச்ச பூ அது" என்றாள் ஓல்வென். சவ வண்டியை மறித்ததிலிருந்து அவள் நெஸ்தாவோடு பேசவில்லை. கறியை மென்றுகொண்டே சொன்னாள். "தின்னட்டும். உயிரோட இருந்தப்ப எனக்கு ஒரு பூ வாங்கித் தந்திருப்பானா அவன்?"

இத்வால் சிரிக்கவில்லை. தட்டைத் தொடவும் இல்லை. கைத்தடியில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, "சவ வண்டிக்கு விலகாத ஒருத்தியை இந்த ஊர்ல நான் பாத்ததில்ல" என்றார்.

நெஸ்தா உருளைக்கிழங்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப பாத்துட்டீங்க" என்றாள் நெஸ்தா.

"சேப்பல் நாற்காலியை ரோட்டுல போட்டு மறிச்சே."

"நீங்கதானே கொண்டாந்து வச்சீங்க."

"உக்காரத்தான் வச்சேன்!"

"நான் உக்கார மாட்டேன்னு ஊருக்கே மார்ச் மாசத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க விலகினீங்க, உங்களைக் குத்தம் சொல்லல. நாளைக்கு என் பெட்டி போறப்பவும் ஆடு இறங்கினா என்னை நிறுத்திட்டு ஆட்டை விடுங்க. நான் எந்திரிச்சு வந்து கேக்க மாட்டேன். கிழங்கு ஆறுது, சாப்பிடுங்க."

இத்வாலுக்கு அதில் எவ்வளவு காதில் விழுந்ததோ. கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு முள்கரண்டியை எடுத்தார். சமாதானம் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாரெட் அடுப்படியில் நின்றாள். நகரத்துச் செருப்பு முழுக்க ஆட்டுப் புழுக்கை. "ஹாரன் அடிச்சது நான்தான்" என்றாள்.

"தெரியும்."

"முன்னால எதுவோ மறிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அடிச்சேன். நீன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

மாரெட் யோசித்தாள். "இன்னும் சத்தமா அடிச்சிருப்பேன்." பிறகு, "எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டாள், எம்ரிஸைப் பார்த்து.

"சிவப்பு மை அத்தனையும் உள்ள" என்றான் எம்ரிஸ். அவன் கால்கள் வெந்நீர்த் தொட்டியில் இருந்தன.

"கேட்டை நான் மூடலையே. பந்தயத்துல அது இருக்கு."

"பந்தயம் ஆடு முத்தத்துக்கு வர்றதுதான்" என்றாள் நெஸ்தா. "நீ ஏமாத்த மாட்டேன்னு சொன்னேன்."

மாரெட் அப்பாவின் கால்களைப் பார்த்தாள், சிவந்து கன்றிப்போன கால்களை. அம்மாவைப் பார்த்தாள். "சரி, அந்த வீட்டுப் பேச்சை எடுக்கல" என்றாள். "இந்த வருஷம்."

"எந்த வருஷமும்."

"அம்மா, கொஞ்சம் உக்கா..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

நெஸ்தா அடுப்பைத் திறந்து பால்சோற்றுப் பாத்திரத்தை எடுத்தாள். ஆடை பழுப்பாக, ஓரத்தில் கொஞ்சம் கருகிக் கட்டியிருந்தது. ஓல்வென் கிண்ணத்தை நீட்டினாள். நெஸ்தா ஆடையைக் கரண்டியால் ரெண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவளுக்குப் போட்டாள்.

"முழுசும் எனக்குன்னு சொன்னே."

"நீ பாதியில விலகிட்டே."

மறு பாதியை எம்ரிஸின் கிண்ணத்தில் போட்டாள். அவன் ஓரத்துக் கருகலிலிருந்து தின்ன ஆரம்பித்தான்.

எல்லோரும் போகும்போது வெயில் வந்திருந்தது. முற்றத்தில் ஆடுகள் நெருக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன, நாளைக்குக் கத்தரி. மூட்டம் விலகிய மலை பச்சையாக, காலியாக நின்றது. க்விலிம் கேட்டருகே நின்று முச்சந்திப் பக்கம் கையைக் காட்டினான்.

"அந்த நாற்காலி ரோட்டுலயே கெடக்கு அத்தை. எடுத்துச் சேப்பல்ல வச்சுடவா?"

நெஸ்தா பாலத்துப் பக்கம் பார்த்தாள். ரொட்டி வண்டி வந்து நாற்காலிக்கு முன்னால் தயங்கி நின்று, மெல்லப் புல்லில் ஏறிச் சுற்றிக்கொண்டு போனது.

"கெடக்கட்டும்" என்றாள். "இன்னிக்குப் பூரா சுத்திப் போகட்டும்."